வினாடிக்கு எண்ணூறு கோடிப் பெருக்கல்

பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறோம். தொலைவில் ஒரு வண்டி திரும்புகிறது. அதன் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாத தூரம். ஆனாலும், "அதோ, நம் ஊர் வண்டி!" என்று சொல்லிவிடுகிறோம். முகப்பின் வடிவம், வண்ணம், விளக்குகள் அமைந்துள்ள விதம் ஆகியவற்றைக் கண் பார்க்கிறது, முன்பு பார்த்த வடிவத்தோடு மூளை ஒப்பிடுகிறது, விடை கிடைத்துவிடுகிறது. இவ்வளவும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுவதால், இதில் கணக்கு ஏதும் அடங்கியிருக்கிறது என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை.

இதே வேலையை ஓர் எந்திரத்திடம் ஒப்படைத்தால்? பறக்கும் விமானத்தில் ஒரு காமிராவைப் பொருத்தி, கீழே தெரிவதில் எது டாங்கி, எது லாரி, எது வெறும் பாறை என்று கண்டுபிடிக்கச் சொன்னால்? படைத்துறைப் பொறியாளர்கள் இதனை 'இலக்கை அடையாளம் காணுதல்' என்கிறார்கள். விமானம் கடந்து போவதற்குள் விடை வந்தாக வேண்டும். கணக்கிடும் கருவி ஒரு சிறு பெட்டிக்குள் அடங்க வேண்டும். இன்று டாங்கியைத் தேடும் கருவி, நாளை கப்பலைத் தேடவும் பயன்பட வேண்டும். வேகம், சிறிய உருவம், மாற்றத்துக்கு இடம் ஆகிய மூன்றும் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. இவற்றை ஒன்றுசேர்த்த வரலாறு சுவையானது. அப்படிச் செய்த எந்திரம் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் கேள்வியோ அதைவிட முக்கியமானது.

கட்டத்தாளில் ஒரு சோதனை

எந்திரத்துக்கு வடிவம் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். காமிராவில் விழும் படம் சின்னஞ்சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. இவற்றைப் படப்புள்ளிகள் என்பார்கள். ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் ஓர் எண். ஆகவே எந்திரத்தைப் பொறுத்தவரை, படம் என்பது எண்கள் நிறைந்த ஒரு பெரிய அட்டவணை.

அட்டவணைக்குள் ஒரு வடிவத்தைத் தேடுவது எப்படி? ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ட' என்னும் எழுத்தைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். நீளத்தில் 3, அகலத்தில் 3, ஆக 9 சதுரங்கள் கொண்ட ஓர் அச்சைத் தயார் செய்யுங்கள். இடப்பக்க நெடுவரிசையின் 3 சதுரங்களிலும், அடிவரிசையில் எஞ்சிய 2 சதுரங்களிலும் +1 என்று எழுதுங்கள். இவையே 'ட'வின் கோடுகள். மற்ற 4 சதுரங்களிலும் –1 என்று எழுதுங்கள். தேட வேண்டிய படத்தில் கறுப்புச் சதுரத்துக்கு 1, வெள்ளைச் சதுரத்துக்கு 0.

அச்சைப் படத்தின்மேல் ஓரிடத்தில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் எண்களைப் பெருக்குங்கள். ஒன்பது விடைகளையும் கூட்டுங்கள். கிடைப்பதை 'ஒப்புமை எண்' என்போம். சரியான 'ட' இருக்குமிடத்தில் ஒப்புமை எண் 5. வெற்றிடத்தில் 0. ஒன்பது சதுரங்களும் கறுப்பாக இருந்தால் 5 – 4 = 1. நாம் –1 போடாமல் விட்டிருந்தால், அந்தக் கறுப்புச் சதுரமும் 5 பெற்று நம்மை ஏமாற்றியிருக்கும். 'ப' என்னும் எழுத்துக்குள் ஒரு 'ட' ஒளிந்திருக்கிறது அல்லவா? அதன் வலக்கோட்டின் மேலிரண்டு சதுரங்களும் –1-இன்மீது விழுவதால், அதற்குக் கிடைப்பது 5 – 2 = 3. ஒரு முனை அழிந்துபோன 'ட'வுக்கு 4.

இப்போது நாம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எத்தனை மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி? 5 என்று வைத்தால், முனை அழிந்த 'ட' தப்பிவிடும். 3 என்று வைத்தால், 'ப'வும் 'ட' ஆகிவிடும். 4 என்று வைப்பது நல்லதாகத் தோன்றுகிறது. ஆனால் வலக்கோட்டின் உச்சி மங்கிப்போன 'ப'வும் 4 பெறும்! எந்திரத்தால் சொல்ல முடிந்தது 'எவ்வளவு ஒத்திருக்கிறது' என்பதை மட்டுமே. 'அதுதானா' என்று தீர்ப்பளிக்கும் எல்லைக்கோட்டை வரைந்தவர் மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இது தேவைப்படும்.

கணக்கு பெருகும் விதம்

நம் கட்டத்தாளில் பக்கத்துக்கு 10 சதுரங்கள் இருந்தால், அச்சை வைக்கக்கூடிய இடங்கள் 8 × 8 = 64. இடத்துக்கு 9 பெருக்கல் வீதம் மொத்தம் 576 பெருக்கல்கள். ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

உண்மையான படத்துக்கு வருவோம். பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட படத்தில் 2,62,144 புள்ளிகள் உள்ளன. தேடும் அச்சு பக்கத்துக்கு 32 புள்ளிகள் என்றால், அதில் 1,024 எண்கள். ஓரங்களில் வரும் சிறு வேறுபாட்டைத் தள்ளிவிட்டால், ஒரு படத்துக்கு வேண்டிய பெருக்கல்கள் ஏறத்தாழ 26 கோடியே 84 லட்சம். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 30 படங்கள் வருகின்றன. ஆக, வினாடிக்கு 805 கோடிப் பெருக்கல்கள். அதே அளவு கூட்டல்களும் உண்டு.

இத்துடன் முடிந்ததா? இல்லை. உங்கள் 'ட'வைப் பக்கவாட்டில் திருப்பிப் படத்தில் வரைந்து பாருங்கள்; அதே அச்சு அதற்கு 1 மட்டுமே தரும். டாங்கியும் நமக்கு வசதியாக ஒரே திசையில் நிற்பதில்லை. 30 பாகைக்கு ஓர் அச்சு என்றால் 12 அச்சுகள். தூரத்தைப் பொறுத்து உருவம் சிறிதாகவும் பெரிதாகவும் தெரியும். மூன்று அளவுகள் என்று வைத்தால் 36 அச்சுகள். இப்போது கணக்கு வினாடிக்கு ஏறத்தாழ 29 ஆயிரம் கோடிப் பெருக்கல்கள்!

1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ்-11/780 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் விரும்பி வாங்கிய பொறி அது. வினாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் கட்டளைகளை அது நிறைவேற்றும். ஒரு பெருக்கலுக்கு ஒரு கட்டளை என்று சலுகை கொடுத்தாலும், ஒரே படத்தை ஒரே அச்சால் தேடி முடிக்க அதற்கு 268 வினாடிகள், அதாவது நாலரை நிமிடம் ஆகும். வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அதற்குள் 67 கிலோமீட்டர் சென்றிருக்கும். விடை சரியாகவே இருந்தாலும் அதனால் பயன் என்ன? நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே விடை தருவதைத்தான் 'நிகழ்நேரக் கணக்கீடு' என்கிறார்கள். காலம் கடந்து வரும் சரியான விடை, இங்கே தவறான விடைக்குச் சமம்.

லென்சு போடும் கணக்கு

இயற்பியலார் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். குவி லென்சு ஒன்றின் முன்னே படச்சுருளை வைத்து லேசர் ஒளியைச் செலுத்தினால், லென்சின் குவியத் தளத்தில் ஓர் ஒளிக்கோலம் விழும். படத்தில் உள்ள நெருக்கமான கோடுகளின் ஒளி அச்சிலிருந்து தள்ளியும், அகலமான பரப்புகளின் ஒளி மையத்துக்கு அருகிலும் விழும். கணிதத்தில் இதற்கு ஃபூரியர் உருமாற்றம் என்று பெயர். படம் முழுவதும் அச்சை நகர்த்தி நகர்த்திச் செய்யும் பெருங்கணக்கு, உருமாற்றம் செய்த பிறகு புள்ளிக்கு ஒரே ஒரு பெருக்கலாகச் சுருங்கிவிடுகிறது. 1964-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாண்டர் லக்ட் என்பவர், தேட வேண்டிய வடிவத்தை ஹோலோகிராம் முறையில் ஒரு படத்தகட்டில் பதிவு செய்து, குவியத் தளத்தில் வைத்தார். இரண்டாவது லென்சு ஒன்று அந்த ஒளியை மீண்டும் குவித்தது. தேடிய வடிவம் எங்கிருந்ததோ, அங்கே பளிச்சென்று ஓர் ஒளிப்புள்ளி தோன்றியது!

கருவியின் நீளம் ஒரு மீட்டர் என்றால், ஒளி அதனைக் கடக்க ஏறத்தாழ 3.3 நானோ வினாடி ஆகும். நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கோடிக்கணக்கான பெருக்கல்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன.

அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதே என்று கேட்பீர்கள். தீரவில்லை. வேறொரு வடிவத்தைத் தேட வேண்டுமானால் வேறொரு படத்தகட்டைப் பதிவு செய்து, கழுவி, மிகத் துல்லியமாக அதே இடத்தில் பொருத்த வேண்டும். அதிர்ந்துகொண்டே பறக்கும் விமானத்தில் மயிரிழை விலகினாலும் ஒளிப்புள்ளி மங்கிவிடும். பின்னாளில் திரவப் படிகத் திரைகள் வந்து படத்தகட்டின் தொல்லையைக் குறைத்தன. என்றாலும் ஒளிக் கருவிக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று. 'இந்த இடத்தில் ஐயம், மீண்டும் பார். அங்கே நிழல், அதை நீக்கு' என்று அதற்குக் கட்டளையிட முடியாது. அக்கட்டளைகளின் தொடரைத்தான் நிரல் என்கிறோம். நிரல் ஏற்கும் கருவிதான் வேண்டும் என்று பொறியாளர்கள் மீண்டும் மின்னணுவியலுக்கே வந்தார்கள்.

பந்தியில் ஒரு பாடம்

கணிப்பொறியில் கூட்டலும் பெருக்கலும் செய்யும் பகுதியைச் செயலி என்பர். எண்களைச் சேமித்து வைத்திருக்கும் பகுதி நினைவகம். செயலியின் வேகத்தைக் கூட்டினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தாமதம் பெரும்பாலும் செயலியில் இல்லை.

திருமணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சமையலறைக்குச் சென்று ஒரு கரண்டி சாம்பாரை மட்டும் எடுத்து வந்து முதல் இலையில் ஊற்றுகிறார். மீண்டும் சமையலறைக்கு ஓடி, அடுத்த இலைக்கு ஒரு கரண்டி கொண்டு வருகிறார். அவர் கை எவ்வளவு வேகமாக ஊற்றினால் என்ன? பந்தி முடியாது. விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? ஒரு வாளி நிறைய எடுத்துக்கொண்டு இருபது இலைகளைக் கடந்து போவார். சமையலறைக்கு ஒரு நடை. இருபது பேருக்கு உணவு!

கணிப்பொறியில் நினைவகந்தான் சமையலறை. அது வினாடிக்கு 1 கோடி எண்கள் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெருக்கலுக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஆகவே செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், வினாடிக்கு 50 லட்சம் பெருக்கலுக்கு மேல் செய்ய முடியாது. ஆனால் நம் 'ட' கணக்கைக் கவனியுங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒன்பது வெவ்வேறு கூட்டல்களில் பங்கு பெறுகிறது. ஒரு முறை எடுத்து வந்த எண்ணை ஒன்பது முறையும் பயன்படுத்திக்கொண்டால், நினைவகத்தின் வேகத்தைக் கூட்டாமலே கணக்கின் வேகம் பெருகும் அல்லவா?

இதயத் துடிப்பைப் போல

இந்தக் கருத்துக்கு ஒழுங்கான உருவம் கொடுத்தவர்கள், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னிகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹெச்.டி. குங், சார்லஸ் லைசர்சன் ஆகியோர். ஆண்டு 1978. ஒரு பெரிய செயலிக்குப் பதிலாக, ஒரே மாதிரியான பல சிறு கணக்கு அலகுகளை அவர்கள் வரிசையாக நிறுத்தினார்கள். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் எண்கள் ஓர் அலகிலிருந்து அடுத்த அலகுக்கு நகரும். இதயம் சுருங்கும்போதெல்லாம் குருதி தள்ளப்படுவதை இது நினைவூட்டியதால், இதயச் சுருக்கத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல்லைக் கொண்டே இதற்கு 'சிஸ்டாலிக்' அமைப்பு என்று பெயரிட்டார்கள்.

இதை வகுப்பறையிலேயே நடத்திப் பார்க்கலாம். மூன்று மாணவர்களை வரிசையாக உட்கார வையுங்கள். முதல்வருக்கு 2, இரண்டாமவருக்கு 1, மூன்றாமவருக்கு 3 என்று ஆளுக்கு ஓர் எண். இதுதான் அச்சு. ஆசிரியர் 4, 5, 1, 2 என்று ஒவ்வொரு தட்டலுக்கும் ஓர் எண்ணைச் சொல்வார். முதல்வர் அதைத் தம் எண்ணால் பெருக்கிச் சீட்டில் எழுதுவார். அடுத்த தட்டலில் சீட்டைப் பக்கத்தவரிடம் தருவார். வாங்கியவர், அப்போது சொல்லப்பட்ட எண்ணைத் தம் எண்ணால் பெருக்கிச் சீட்டிலுள்ள தொகையோடு கூட்டி, அடுத்தவருக்கு அனுப்புவார்.

முதல் தட்டலில் 4: முதல்வர் சீட்டில் 8. இரண்டாம் தட்டலில் 5: அந்தச் சீட்டு 8 + 5 = 13 ஆகிறது; முதல்வர் புதுச் சீட்டில் 10 எழுதுகிறார். மூன்றாம் தட்டலில் 1: முதல் சீட்டு 13 + 3 = 16 என்று வெளியே வருகிறது; இரண்டாம் சீட்டு 11 ஆகிறது. நான்காம் தட்டலில் 2: இரண்டாம் சீட்டு 11 + 6 = 17 என்று வெளியே வருகிறது. இப்படி மூன்றாம் தட்டலிலிருந்து, தட்டலுக்கு ஒரு விடை தவறாமல் வந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு முறைதான் சொன்னார். மூவரும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூவருக்குப் பதில் முப்பது பேர் இருந்தாலும் ஆசிரியருக்கு வேலை கூடாது. பெரிய பொறிகளில் ஆசிரியர் உரக்கச் சொல்லும் வேலையும் இல்லை. படத்தின் எண்களும் பக்கத்து அலகிலிருந்தே கை மாறி வரும்.

வேனிலிருந்து சில்லுக்கு

1983-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, போர்க்களக் கணிப்பொறிகளுக்கான ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆளில்லாமல் வழி பார்த்து ஓடும் வண்டி, விமானிக்கு உதவும் எந்திரத் துணைவன் ஆகியவை அதில் அடங்கும். டார்ப்பாவின் உதவியோடு குங்கின் குழுவினர் 'வார்ப்' என்னும் பொறியைக் கட்டினார்கள். வரிசையில் 10 அலகுகள். ஓர் அலகு, ஒரு பெரிய மின்சுற்றுப் பலகை. ஒவ்வொன்றும் வினாடிக்கு 1 கோடிக் கணக்குகள் செய்யும். மொத்தம் 10 கோடி. ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனியே நிரல் எழுதலாம் என்பதே இதன் சிறப்பு. ஆனால் பத்து அலகுகளும் ஒரே தாளத்தில் ஓடும்படி கையால் நிரல் எழுதுவது தலைவலி பிடித்த வேலை. மனிதர் எளிய மொழியில் எழுதியதை அலகுகளுக்குப் பங்கிட்டுத் தரும் மொழிபெயர்ப்பு நிரலை, அங்கு ஆராய்ச்சி மாணவியாக இருந்த மோனிகா லாம் உருவாக்கினார். பொறியைக் கட்டுவது பாதி வேலை; அதைச் சொன்னபடி கேட்க வைப்பது மறு பாதி.

நமக்கு வேண்டியது 805 கோடி. கிடைத்தது 10 கோடி. இது எப்படிப் போதும்? இங்கேதான் நிரலின் அருமை தெரிகிறது. நெல்லையும் பதரையும் பிரிக்க முதலில் பெரிய கண் சல்லடை போடுவதில்லையா? படத்தின் நீளத்தையும் அகலத்தையும் நான்கில் ஒன்றாகச் சுருக்கினால், புள்ளிகள் 16-இல் ஒரு பங்காகும். அச்சும் அவ்வாறே 16-இல் ஒரு பங்காகும். வேலை 256-இல் ஒரு பங்காகக் குறைந்து, வினாடிக்கு ஏறத்தாழ 3 கோடியே 14 லட்சம் பெருக்கலில் அடங்கிவிடும். ஐயத்துக்கு இடமான இடங்களை மட்டும் முழுப் படத்தில் உற்றுப் பார்த்தால் போதும். இப்படிப் படிப்படியாகத் தேடும் தந்திரத்தை லென்சுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது; நிரல் ஏற்கும் பொறிக்கு முடியும்.

வார்ப் பொறியை 'நேவ்லாப்' என்னும் வேனில் ஏற்றி, காமிரா வழியாகச் சாலையைப் பார்த்து வண்டியைத் தானே ஓட்டவும் செய்தார்கள். வேனின் உட்புறம் முழுவதும் கணிப்பொறி அடுக்குகள்! அடுத்து இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து, ஓர் அலகு முழுவதையும் ஒரே சிலிக்கன் சில்லுக்குள் அடக்கினார்கள். 'ஐவார்ப்' எனப்பட்ட அச்சில்லில் ஏறத்தாழ ஆறரை லட்சம் டிரான்சிஸ்டர்கள். வினாடிக்கு 2 கோடிக் கணக்குகள். 1990-இல் 64 சில்லுகள் கொண்ட பொறி வந்தது. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 128 கோடி. இதே காலத்தில் வேறு வழிகளும் முயலப்பட்டன. செயற்கைக்கோள் படங்களை ஆராய்வதற்காகக் குட்இயர் நிறுவனம் 1983-இல் நாசாவுக்குக் கொடுத்த பொறியில், 128 × 128 என்ற சதுர அமைப்பில் 16,384 மிகச் சிறு செயலிகள் இருந்தன. 1985-இல் சைலிங்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் இணைப்புகளையே நிரலால் மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வெப்பம் என்னும் பகை

சிறிய பெட்டிக்குள் இத்தனை கணக்கும் நடந்தால் வெப்பம் பிறக்கும். ஏன்? சில்லில் உள்ள ஒவ்வொரு கம்பியும் ஒரு சிறு மின்தேக்கி. எண் 0-இலிருந்து 1 ஆகும்போது அது மின்னேற்றம் பெறுகிறது. 1-இலிருந்து 0 ஆகும்போது இழக்கிறது. மின்தேக்குதிறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் சேமித்த ஆற்றல் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். ஏற்றும்போது அதே அளவு ஆற்றல் மின்தடையில் வெப்பமாகிறது. இறக்கும்போது சேமித்ததும் வெப்பமாகிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். மின்னழுத்தம் பாதியானால் வெப்பம் கால் பங்காகும். மெதுவாக ஓடும் சுற்றுக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும். ஆகவே மிக வேகமான ஒரு செயலியை விட, நிதானமாக ஓடும் பல செயலிகள் குறைந்த வெப்பத்தில் அதே வேலையை முடிக்கும். இரண்டாவது, நீண்ட கம்பிக்கு மின்தேக்குதிறன் அதிகம். தொலைவில் உள்ள நினைவகத்துக்கு ஓடுவது காலத்தை மட்டுமல்ல, ஆற்றலையும் விழுங்குகிறது. பக்கத்து அலகுக்குக் கை மாற்றுவதோ சிக்கனம். பந்தியில் கற்ற பாடம் இங்கும் பொருந்துகிறது.

இக்கருத்து பழையதாகிப் போய்விடவில்லை. கூகுள் நிறுவனம் 2015 முதல் தன் கணிப்பொறி நிலையங்களில் பயன்படுத்தி, 2017-இல் விவரம் வெளியிட்ட சில்லில், 256 × 256 சதுரமாக 65,536 பெருக்கும் அலகுகள் சிஸ்டாலிக் முறையில் அமைந்திருந்தன. துடிப்பு வினாடிக்கு 70 கோடி. பெருக்கிப் பாருங்கள்: உச்ச நிலையில் வினாடிக்கு ஏறத்தாழ 46 லட்சம் கோடிப் பெருக்கல்கள்! நாம் மலைத்து நின்ற 36 அச்சுக் கணக்கைப் போல 150 மடங்குக்கு மேல். செயற்கை நுண்ணறிவுப் பொறிகளில் அச்சுகளை மனிதர் வரைவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பொறியையே உருவாக்கிக்கொள்ளச் செய்கிறார்கள். எனினும் அடிப்படை வேலை அதே பெருக்கலும் கூட்டலுந்தான். இறுதியில் வருவதும் ஒரு மதிப்பெண்தான்.

வேகம் வேறு, உண்மை வேறு

இப்போது 'ட'வுக்கும் 'ப'வுக்கும் இடையே நாம் போட்ட எல்லைக்கோட்டுக்குத் திரும்புவோம். ஒரு பொறி பத்து லட்சம் இடங்களைப் பார்த்தால் ஒரே ஒரு முறைதான் தவறாகக் 'கண்டேன்' என்று சொல்லும் என வைத்துக்கொள்வோம். மிக நல்ல பொறி என்று பாராட்டத் தோன்றும். ஆனால் 2,62,144 இடங்களை வினாடிக்கு 30 முறை பார்த்தால், பார்க்கும் இடங்கள் ஏறத்தாழ 79 லட்சம். வினாடிக்கு எட்டுப் பொய் எச்சரிக்கைகள்! எல்லைக்கோட்டை உயர்த்தினால் பொய் குறையும். உண்மையான இலக்கும் தப்பும். வேகம் கூடுவதால் மட்டும் இந்த இக்கட்டு தீர்வதில்லை.

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் 'வின்சென்ஸ்' என்னும் போர்க்கப்பல், ஈரானியப் படகுகளுடன் மோதலில் ஈடுபட்டிருந்தது. அக்காலத்தின் மிக நவீனமான 'ஏஜிஸ்' ரேடார்-கணிப்பொறி அமைப்பு அதில் இருந்தது. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தை, தங்களை நோக்கித் தாழ்ந்து வரும் எஃப்-14 போர் விமானம் என்று கப்பலில் இருந்தவர்கள் எண்ணினார்கள். ஏவுகணைகள் பாய்ந்தன. 66 குழந்தைகள் உட்பட 290 பேர் மாண்டனர். பின்னர் கப்பலின் பதிவுகளை ஆராய்ந்தபோது, விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததைப் பொறி சரியாகவே காட்டியிருந்தது தெரிந்தது. பரபரப்பில் மனிதர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

2003 மார்ச் 23 அன்று ஈராக் போரின்போது நடந்தது இதற்கு நேர்மாறு. தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் 'டொர்னாடோ' விமானத்தை, அமெரிக்க 'பேட்ரியட்' அமைப்பு எதிரியின் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. இயக்குபவர்களுக்கு முடிவெடுக்கக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நிமிடம். அவர்கள் பொறியை நம்பினார்கள். விமானத்தில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். முன்னதில் பொறி சரி, மனிதர் தவறு. பின்னதில் பொறி தவறு, மனிதர் அதை ஏற்றுக்கொண்டனர். இரண்டிலும் கணக்கு வேகமாகவே முடிந்தது. ஐயப்படுவதற்குத்தான் நேரமில்லை.

மனிதரின் ஒப்புதலே இல்லாமல் தாக்கும் ஆயுதங்களுக்கு வரம்பு வேண்டுமா என்று 2014 முதல் ஜெனீவாவில் நாடுகள் விவாதித்து வருகின்றன. இதே பெருக்கலும் கூட்டலும் மருத்துவப் படத்தில் கட்டியைத் தேடவும் உதவுகின்றன. அங்கே பொறி தவறினால் மருத்துவர் மீண்டும் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். ஏவிய ஏவுகணையைத் திரும்ப அழைத்துச் சோதிக்க முடியாது. எனவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது, பிழை நேர்ந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. அதற்கு விடை சொல்லும் செயலியை இதுவரை யாரும் வடிவமைக்கவில்லை.

உங்களில் சிலர் நாளை இத்தகைய பொறிகளை வடிவமைப்பீர்கள். கட்டத்தாளையும் 'ட' அச்சையும் எடுத்து, இன்றே ஒரு முறை கையால் செய்து பாருங்கள். நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் படத்தில் சில சதுரங்களை அழிக்கவும் சேர்க்கவும் சொல்லுங்கள். 4 என்று எல்லை வைத்துத் தேடுங்கள். எத்தனை 'ட' தப்பின, எத்தனை 'ப' அகப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். பொறி எங்கே முடிகிறது, மனிதரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது அந்தச் சிறு தாளிலேயே தெரிந்துவிடும்.